அதிகம் முட்டையிடும் பெட்டையின் முட்டை குறைவாகப் பொரிக்குமா?

தெம்பனிஸ்_விடைக்கோழி:

வணக்கம். கோழி மரபியலில் ஒரு குழப்பம். நேரெதிரான இரண்டு பேச்சு காதில் விழுகிறது. "முட்டைக்காகவே தேர்ந்தெடுத்த இனத்தில் சத்தெல்லாம் பங்கு போட்டுப் போய்விடும், கரு நிற்காது" என்கிறது ஒரு தரப்பு. "நிறைய இடுகிற பெட்டைதான் நன்றாகப் பொரிக்கும், சோம்பேறிப் பெட்டை இடுவதுதான் கூமுட்டை" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் மரபு என்றுதான் சத்தியம் செய்கிறது.

முட்டை எண்ணிக்கை, கருவுறுதல், பொரிப்பு இந்த மூன்றுக்கும் மரபுத் தொடர்பு உண்டா? எந்தத் திசையில், எவ்வளவு? சிங்கப்பூரில் தரைவீட்டில் (சொந்த நிலத்தோடு உள்ள தனிவீட்டில்) பத்துக் கோழி மட்டும் வைத்திருப்பவர் எதைப் பார்த்து அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுப்பது?

பொரிப்பகத்தார்:

தங்கச்சி, பதிலுக்கு முன்னால் "பொரிப்பு" என்ற சொல்லையே உடைக்க வேண்டியிருக்கிறது. 120 முட்டை வைத்து 90 குஞ்சு வந்தால் 75 விழுக்காடு என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 75-க்குள் என்ன இருக்கிறது?

ஒரு பெட்டியில் 12 முட்டை கருவே கூடாதவை என்று வையுங்கள். கருவுற்றவை 108, அதாவது 90 விழுக்காடு. அந்த 108-இல் 90 பொரித்தால் 83.3 விழுக்காடு. இன்னொரு பெட்டியில் 3 முட்டை மட்டுமே கருக்கூடாதவை. கருவுற்றவை 117, அதில் 90 பொரித்தால் 76.9 விழுக்காடு. இரண்டுக்கும் மேலே எழுதும் எண் 75-தான். முதலாவதில் சேவலைப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் சேவல்மேல் குற்றமே இல்லை, கரு பாதியில் சாகிறது.

இப்போது சொந்தக்காரர்கள் யார் என்று பாருங்கள். முட்டை எண்ணிக்கை பெட்டையின் குணம். (அதற்கான மரபணுவைச் சேவலும் கடத்துகிறது, ஆனால் இடுவது பெட்டை.) கருவுறுதல் இரண்டு பேருடையது: சேவலின் விந்து, பெட்டை அதைச் சேமித்து வைக்கும் திறன். கருவுற்ற முட்டை பொரிப்பது கருவின் சொந்த மரபையும், அது குடியிருக்கும் முட்டையைக் கட்டிக் கொடுத்த தாயின் மரபையும் சேர்ந்தது. ஓட்டின் கனம், முட்டையின் எடை, மஞ்சள் கருவுக்குள் போன வைட்டமின் எல்லாம் தாய் கணக்கு.

ஆகவே "முட்டைக்கும் பொரிப்புக்கும் தொடர்பு உண்டா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் நான்கைந்து கேள்வி ஒன்றாகக் கலந்து வரும். எந்தப் பொரிப்பு, யாருடைய மரபு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை:

அண்ணன் சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன்.

மரபுப் பங்கு என்பது கோழிக்குக் கோழி தெரியும் வேறுபாட்டில் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடிய பகுதி. முட்டை எடைக்கு அது 0.5 பக்கம். முட்டை எண்ணிக்கைக்கு, எந்த வயதுக் காலத்தை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து, 0.1 முதல் 0.3 வரை. கருவுறுதலும் பொரிப்பும் பெரும்பாலும் 0.05 முதல் 0.15-க்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு குறைவாக இருக்க ஒரு காரணம், அளக்கும் கோலே மொட்டை. முட்டை ஒன்று கருவுற்றதா இல்லையா, அவ்வளவுதான். நடுவில் எதுவும் இல்லை. உள்ளே மறைந்திருக்கும் மரபுப் பங்கு 0.20 என்று வையுங்கள். மந்தையின் கருவுறுதல் 50 விழுக்காடாக இருந்தால் கண்ணுக்குத் தெரிவது 0.13. மந்தை 80-இல் இருந்தால் 0.10. 95-இல் இருந்தால் 0.045. மந்தை நன்றாக இருக்க இருக்க, நல்லதில் நல்லதைப் பிரித்தெடுப்பது கடினம். எல்லாப் பிள்ளையும் 95 மதிப்பெண் வாங்கும் வகுப்பில் முதல் மாணவனைத் தேடுவது மாதிரி.

மருந்து, ஒரே பெட்டையின் பல முட்டைகளைச் சேர்த்துப் பார்ப்பது. ஒரு முட்டைக்கு மரபுப் பங்கு 0.05, ஒரே பெட்டையின் முட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் அளவு (ஒப்புமை) 0.15 என்று எடுத்துக்கொண்டால், 10 முட்டையின் சராசரிக்கு மரபுப் பங்கு 0.21 ஆகிறது. 30 முட்டைக்கு 0.28. 60 முட்டைக்கு 0.30-தான். முப்பதுக்கு மேல் எண்ணுவது கைக்கு வேலை, கணக்குக்கு லாபம் குறைவு.

மரபுத் தொடர்பு எண்களை (இரண்டு குணம் மரபில் சேர்ந்து ஏறுகிறதா, எதிரெதிராகப் போகிறதா என்பதை −1 முதல் +1 வரை சொல்லும் எண்) பொறுத்தவரை, முட்டை எண்ணிக்கைக்கும் முட்டை எடைக்கும் தெளிவான எதிர்த்தொடர்பு உண்டு, −0.3 அளவில். முட்டை எண்ணிக்கைக்கும் கருவுறுதல், பொரிப்புக்கும் வெளியான மதிப்பீடுகள் பெரும்பாலும் சிறியவை. மந்தைக்கு மந்தை குறியே மாறுகிறது. ஒன்றில் கூட்டல், இன்னொன்றில் கழித்தல். இரண்டு தரப்பும் தங்களுக்கு ஏற்ற மந்தையைக் காட்டிச் சண்டை போடலாம், அதனால்தான் சண்டை முடியவில்லை.

கம்பத்துச்சேவல்:

எண்ணெல்லாம் சரி. ஆனால் உபின் தீவில் சுற்றும் காட்டுக்கோழியைப் பாருங்கள். காதோரம் வெள்ளைத் திட்டு, சாம்பல் கால், அசல் மூதாதை. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டு, தானே அடைகாத்துப் பொரிக்கிறது. பண்ணைக் கோழி முந்நூறுக்கு மேல் இடுகிறது, ஒன்றைக்கூட அடைகாக்காது. இது விலை கொடுத்து வாங்கியது இல்லாமல் வேறென்ன? முட்டையைக் கூட்டினோம், பொரிப்பை இழந்தோம். கண்ணெதிரே இருக்கிறது லா.

ஓட்டுக்குள்ளே:

சேவல் தம்பி, அடைகாப்பதும் பொரிப்பதும் வேறு வேறு. நீங்கள் காட்டுவது அடைக்கு உட்காரும் குணம் போனதை. முட்டையின் பொரிப்புத்திறன் போனதை இல்லை.

அடைக்கு உட்கார்ந்த பெட்டைக்கு ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும், சூலகம் சுருங்கும், முட்டை நிற்கும். வாரக்கணக்கில் இடாது. முட்டை எண்ணிக்கைக்காகத் தேர்ந்தெடுக்கும்போது உட்காரும் பெட்டைகள் தானாகவே பின்தங்கிப் போகும். தலைமுறை தலைமுறையாக அந்தக் குணம் கழன்றுவிட்டது. வெள்ளை லெக்ஹார்ன் என்ற முட்டை இனம் ஏறக்குறைய உட்காருவதே இல்லை. இது முட்டை எண்ணிக்கைக்கும் அடைகாப்புக்கும் உள்ள உண்மையான, வலுவான எதிர்த்தொடர்பு. ஆனால் அதே லெக்ஹார்ன் முட்டையை இன்குபேட்டரில் வையுங்கள், நன்றாகப் பொரிக்கும். பொரிக்காவிட்டால் அந்த இனமே மிஞ்சியிருக்காது. முட்டைக் கோழியின் தாய் தகப்பன் மந்தைகளில் விற்கும் சரக்கே குஞ்சுதான்.

(கடையில் வாங்கும் முட்டை பொரிக்காதது வேறு கதை. முட்டைப் பண்ணையில் சேவலே கிடையாது.)

இன்னொன்று. "நிறைய இடுகிற பெட்டை நன்றாகப் பொரிக்கும்" என்ற பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் எல்லாம் மரபு இல்லை. இடும் நிலையில் இருக்கும் பெட்டைதான் சேவலுக்குப் பதுங்கிக் கொடுக்கும். இடாத பெட்டை ஓடும். வாரம் இரண்டு முட்டை இடுகிற பெட்டைக்குக் கருவுறுதலும் குறைவாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

கம்பத்துச்சேவல்:

சரி அக்கா, அடைகாப்பை விட்டுவிடுகிறேன். சத்துப் பங்கு போட்டுப் போகிறது என்பது?

பொரிப்பகத்தார்:

அதில் விஷயம் உண்டு, ஆனால் மரபைவிடத் தீவனத்தில். சாப்பாட்டு முட்டைக்கான தீவனத்தில் வைட்டமினை அந்தப் பெட்டையின் தேவைக்கே அளந்து போடுகிறார்கள். கரு வளர அதைவிட அதிகம் வேண்டும், முக்கியமாக ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2), வைட்டமின் ஈ. அதே தீவனத்தில் நிறைய இடுகிற பெட்டையின் ஒவ்வொரு முட்டைக்கும் பங்கு மெலிகிறது. அப்போது நிறைய இடுகிறவளின் முட்டை மோசமாகப் பொரிப்பதுபோல் தோன்றும். குஞ்சு பொரிக்க வைக்கும் கோழிகளுக்கான தாய்மந்தைத் தீவனம் கொடுத்ததும் அந்தத் "தொடர்பு" காணாமல் போகும். மரபென்றால் தீவனம் மாற்றியதும் போகாதே.

சேவலுக்குத் தனியாகத் தீவனம் வைப்பது நல்லது. இடும் பெட்டைக்கு மூன்றரை முதல் நான்கு விழுக்காடு கால்சியம். சேவலுக்கு அதில் நாலில் ஒரு பங்கு போதும். ஒரே தொட்டியில் தின்னால் அதன் சிறுநீரகத்துக்குத் தேவையில்லாத பாரம்.

ஓட்டுக்குள்ளே:

சத்துப் பங்கு பற்றி மரபிலேயே ஓர் அசல் எடுத்துக்காட்டு உண்டு. வெள்ளை லெக்ஹார்னில் கண்டுபிடித்த ஓர் ஒடுங்கு மரபணு (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் வெளிப்படும்). இரண்டு பிரதியும் கெட்ட பெட்டைக்கு ரைபோஃப்ளேவினை முட்டைக்குள் தூக்கிப் போகும் புரதம் இல்லை. பெட்டை ஆரோக்கியமாக இருக்கும், முட்டை இடும், கருவுறும். ஆனால் எல்லாக் கருவும் 13, 14-ஆம் நாள் பக்கம் செத்துப் போகும். எவ்வளவு நல்ல தீவனம் கொடுத்தாலும் அப்படித்தான், ஏனென்றால் தூக்கிப் போக வண்டி இல்லை. முட்டைக்குள் ரைபோஃப்ளேவினை ஊசியில் ஏற்றினால் கரு பிழைக்கும். அதாவது சாகும் கருவின் மரபில் குற்றம் இல்லை, தாயின் மரபில்தான்.

எண்ணிக்கை நூறு, கருவுறுதல் நூறு, பொரிப்பு பூஜ்யம். மூன்றும் தனித்தனி என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி வேண்டாம்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு: பால்சார்ந்த குரோமோசோமில் உள்ள ஒரு பிறழ்வு. அந்தப் பெட்டை வெளித்தோற்றத்துக்குச் சாதாரணம், மஞ்சள் கருவுக்கான கொழுப்பைச் சூலகத்துக்குள் இழுக்கும் வாங்கிப் புரதம் கெட்டதால் கொழுப்பெல்லாம் ரத்தத்திலேயே தேங்கும். முட்டை இடுவது அபூர்வம். சேவல் அதைச் சுமந்தாலும் அதன் வளம் கெடுவதில்லை, மகள்களுக்குக் கடத்திவிட்டுப் போய்விடும்.

தெம்பனிஸ்_விடைக்கோழி:

அக்கா, வீட்டுக் கோழிகளில் இப்படி ஒற்றை மரபணு பாதிப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓட்டுக்குள்ளே:

இரண்டைச் சொல்கிறேன், இங்கே இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு.

ஒன்று ரோஜாக் கொண்டை. வயாண்டோட் மாதிரி இனங்களில் தட்டையாக, முள்முள்ளாக இருக்கும் கொண்டை. 7-ஆம் குரோமோசோமில் 74 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியதால் வந்தது. கொண்டை வடிவம் மாறியதோடு விந்தணு நீந்துவதற்கு வேண்டிய இன்னொரு மரபணுவும் அந்த முறிவில் அறுபட்டுவிட்டது. இரண்டு பிரதியும் ரோஜாவாக உள்ள சேவலின் விந்து மந்தமாக நீந்தும், கருவுறுதல் குறையும். ஒரு பிரதி மட்டும் உள்ள சேவல் சாதாரணம். பெட்டைக்கு இதனால் குறை இல்லை. கொண்டை அழகுக்காக ஒற்றைக்கொண்டைக் குஞ்சுகளையெல்லாம் கழித்துக்கொண்டே போனால் மந்தை முழுவதும் இரட்டைப் பிரதிக்கு நகரும். அப்புறம் "எங்கள் சேவல் சோம்பேறி" என்ற புலம்பல். இதற்கும் முட்டை எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை.

கண்டுபிடிக்க: அந்தச் சேவலை ஒற்றைக்கொண்டைப் பெட்டையோடு சேருங்கள். ஒரே ஓர் ஒற்றைக்கொண்டைக் குஞ்சு வந்தாலும் அது ஒற்றைப் பிரதிச் சேவல், வைத்துக்கொள்ளலாம். ஏழு குஞ்சும் ரோஜாவாக வந்தால் 128-இல் ஒரு வாய்ப்புதான் நம்மை ஏமாற்றியிருக்கும்.

இரண்டாவது குட்டைக்கால். ஜப்பானிய பாண்டம் என்ற குட்டிக் கோழி இனத்திலும், செராமா என்ற இன்னொரு குட்டி இனத்தின் சில குட்டைக்கால் வழிகளிலும் இருக்கும். இரண்டு பிரதி சேர்ந்தால் கரு மூன்று, நான்காம் நாளில் சாகும். குட்டைக்கால் சேவல், குட்டைக்கால் பெட்டை சேர்த்தால் கால்வாசிக் கரு போச்சு. மிச்சத்தில் மூன்றில் இரண்டு குட்டைக்கால், ஒன்று நெட்டைக்கால். குட்டைக்காலை நெட்டைக்காலோடு சேர்த்தால் சாவு இல்லை, பாதிக்குப் பாதி குட்டைக்கால் வரும்.

இதில் பொரிப்பகத்தார் சொன்ன குழப்பம் முழுசாகத் தெரியும். மூன்றாம் நாள் செத்த கருவை ஏழாம் நாள் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பலர் "வெறும் முட்டை" என்று எழுதுவார்கள். கருவுறுதல் 95 உள்ள சேவலுக்கு 71 என்று பட்டம் கிடைக்கும்.

பொரிப்பகத்தார்:

அதனால் விளக்கில் வெறுமையாகத் தெரிவதையெல்லாம் உடைத்துப் பார்த்தே ஆகவேண்டும். பத்தாம் நாள் பார்ப்பது வசதி. மஞ்சள் கருவை மேலே திருப்பி மெதுவாக ஊற்றுங்கள்.

கருக்கூடாத முட்டையில் வெள்ளைப் புள்ளி அடர்த்தியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், இரண்டு மூன்று மில்லிமீட்டரில் அப்படியே இருக்கும். கருவுற்றுச் சீக்கிரம் செத்தது பால்வெள்ளையாகப் படர்ந்து பெரிதாகத் தெரியும். ரத்தம் இல்லை என்பதால் வெறும் முட்டை என்று நினைத்துவிடக் கூடாது. ரத்த வளையம் தெரிந்தால் இரண்டரை முதல் நான்கு நாள். கறுப்புக் கண் தெரிந்தால் ஐந்து நாளுக்கு மேல். இறகு முளைத்திருந்தால் பன்னிரண்டுக்கு மேல். ஓட்டைக் கொத்தியும் வெளியே வராதது தனிக் கணக்கு.

கூடுமானால் ஐந்து நெடுவரிசை வையுங்கள்: கருக்கூடாதது, 1–4 நாள், 5–14, 15–20, கொத்தி நின்றது. பெட்டை எண்ணும் சேவல் எண்ணும் முட்டையின் மேலேயே பென்சிலில். மார்க்கர் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

இப்போது தங்கச்சி கேட்ட "எவ்வளவு" என்ற கேள்வி. மோசமான திசையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முட்டை எண்ணிக்கையின் மரபுப் பங்கு 0.2, பொரிப்புக்கு 0.1, இரண்டுக்கும் மரபுத் தொடர்பு −0.1, பெட்டைக்குப் பெட்டை பொரிப்பு வேறுபாட்டின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 12 புள்ளி என்று வைப்போம். முட்டை எண்ணிக்கையில் மேல் 20 விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டால் தேர்வுச் செறிவு, அதாவது தேர்ந்தவை மந்தைச் சராசரிக்கு எத்தனை திட்ட விலக்கம் மேலே என்பது, 1.4. ஒரு தலைமுறைக்குப் பொரிப்பில் வரும் மாற்றம்:

1.4 × √0.2 × √0.1 × (−0.1) × 12 = −0.24 புள்ளி.

கால் புள்ளி! தொடர்பு −0.3 என்று பயமுறுத்தினாலும் 0.7 புள்ளிதான்.

இதோடு இன்னொன்றை ஒப்பிடுங்கள். தரைவீட்டில் ஒரு சேவல், ஒன்பது பெட்டை, வெளியிலிருந்து எதுவும் வராது. செயல்படும் மந்தை அளவு (சேவல் பெட்டை சமமின்மையைக் கழித்தபின் மரபுக் கணக்கில் மிஞ்சும் தலை எண்ணிக்கை) 4 × 1 × 9 ÷ 10 = 3.6. ஒரு தலைமுறைக்கு உள்ளினக் கலப்பு (சொந்தத்துக்குள்ளேயே சேர்வது) ஏறுவது 1 ÷ (2 × 3.6), அதாவது 13.9 விழுக்காடு. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தங்கையைச் சேர்ப்பதைவிடக் கூடுதல். மூடிய முட்டைக்கோழி மந்தைகளில் உள்ளினக் கலப்பு 10 விழுக்காடு ஏறினால் பொரிப்பு 4 புள்ளி அளவில் இறங்கும், முட்டையும் இறங்கும். ஆக ஒரே தலைமுறையில் ஐந்தரைப் புள்ளி போய்விடும்.

கால் புள்ளி எங்கே, ஐந்தரைப் புள்ளி எங்கே. "முட்டைக்காகத் தேர்ந்தெடுத்தேன், பொரிப்பு விழுந்துவிட்டது" என்பவர்களில் பெரும்பாலோர் முட்டைக்காகத் தேர்ந்தெடுத்ததால் விழவில்லை. சிறந்த பெட்டை ஒன்றின் பிள்ளைகளையே ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்த்ததால் விழுந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது, பழி முட்டை எண்ணிக்கைமேல்.

கம்பத்துச்சேவல்:

இரண்டு சேவல் வைத்தால்?

கணக்குப்பிள்ளை:

இரண்டு சேவல், எட்டுப் பெட்டை: மந்தை அளவு 6.4, ஏற்றம் 7.8 விழுக்காடு. பாதிக்குக் கொஞ்சம் மேல். பக்கத்து வீட்டார் விடியற்காலை நாலு மணிக்கு என்ன சொல்வார்கள் என்பது கணக்கில் வராது. அதைவிட, ஒவ்வொரு தலைமுறையும் சேவலை மட்டும் சம்பந்தமில்லாத வழியிலிருந்து மாற்றுங்கள். கலப்பின வீரியம் (சம்பந்தமில்லாத வழிகளைக் கலந்தால் பிள்ளைகளுக்கு வரும் கூடுதல் வலு) அதிகமாகத் தெரிவதும் மரபுப் பங்கு குறைந்த இந்தக் குணங்களில்தான், பண்ணை முட்டைக்கோழி நான்கு வழிக் கலப்பாக இருப்பதும் அதனால்தான். தேர்ந்தெடுத்து மெல்ல ஏற்றுவதைக் கலந்து சட்டென்று வாங்கிவிடலாம்.

ஓட்டுக்குள்ளே:

ஒரு எச்சரிக்கை: ஜொகூரிலிருந்து அடைமுட்டையோ சேவலோ பையில் போட்டுப் பாலம் தாண்டக் கூடாது, இறக்குமதி உரிமம் வேண்டும். பத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. பொரித்த குஞ்சும் எண்ணிக்கையில் சேரும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கோழியே கூடாது, அதைச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை முட்டை எடையை ஒரு வரியில் தாண்டிவிட்டார். முட்டை எண்ணிக்கைக்கும் பொரிப்புக்கும் இடையே உண்மையான பாதை ஒன்று இருந்தால் அது அங்கேதான் போகிறது. எண்ணிக்கைக்காக மட்டும் தேர்ந்தெடுத்தால் முட்டை சிறுக்கும். பொரிப்புக்கு நடுத்தர எடைதான் நல்லது. மிகச் சிறியதும் மிகப் பெரியதும் கெடுதல். ஓடும் அப்படித்தான்: மெல்லிய ஓட்டில் நீர் வேகமாகப் போகும், தடித்த ஓட்டில் போகாது. உச்சியும் சரிவும் உள்ள இப்படிப்பட்ட உறவை ஒரே ஒரு தொடர்பு எண்ணில் அடக்கினால் மந்தை எந்தச் சரிவில் நிற்கிறதோ அந்தக் குறிதான் வரும். மந்தைக்கு மந்தை குறி மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தெம்பனிஸ்_விடைக்கோழி:

அப்படியானால் இங்கத்து ஈரப்பதம் அதைக் கெடுக்காதா? தடித்த ஓடு போடும் பெட்டையை மரபுக் குறை என்று தவறாகக் கழித்துவிட மாட்டோமா?

பொரிப்பகத்தார்:

நல்ல கேள்வி, பலர் அப்படித்தான் கழிக்கிறார்கள்.

முட்டை 18-ஆம் நாளுக்குள் எடையில் 12 விழுக்காடு நீராக இழக்க வேண்டும். 60 கிராம் முட்டை 52.8 கிராமுக்கு வரவேண்டும். வெளிக்காற்று 30 பாகை, 75 விழுக்காடு ஈரம் என்றால், அதே காற்று 37.5 பாகைக்குச் சூடாகும்போது ஈரம் 49 விழுக்காடு. இரவில் 26 பாகை, 95 விழுக்காடு என்றாலும் உள்ளே ஏறக்குறைய அதே 49. அதாவது இங்கே ஏர்கான் இல்லாத அறையில் இன்குபேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே 50 பக்கம் நிற்கும். குளிர்நாட்டுக் கையேட்டைப் பார்த்துத் தொட்டியை நிரப்பினால் 65, 70 ஆகிவிடும். நீர் போகாது, காற்றறை சிறுத்து, குஞ்சு கொத்த முடியாமல் ஈரமாகச் சாகும். முதலில் சாவது தடித்த ஓட்டுக்காரியின் குஞ்சு. ஏர்கான் அறையில் 24 பாகை, 55 விழுக்காடு என்றால் உள்ளே 25-தான், அங்கே தண்ணீர் கட்டாயம். ஆகையால் எந்த அறை என்று தெரியாமல் ஈரப்பத ஆலோசனை சொல்பவரை நம்பாதீர்கள். 18-ஆம் நாளுக்குப் பிறகு எந்த அறையானாலும் 65–70-க்கு ஏற்றுங்கள்.

சேமிப்பும் அப்படித்தான். அறை வெப்பத்தில் மூன்று நாள் வைத்தால் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் சாகும். வைன் குளிர்பெட்டியை 16–18 பாகையில் வைத்து, ஏழு நாளுக்குள் அடையில் வையுங்கள். சமையல் குளிர்பெட்டி மிகக் குளிர். 17 பாகையில் இருந்த முட்டையை நேரே வெளி அறைக்குக் கொண்டுவந்தால் வியர்க்கும், வியர்வையோடு கிருமி ஓட்டுக்குள் போகும். ஏர்கான் அறையில் ஆறேழு மணி நேரம் வைத்து எடுத்தால் வியர்ப்பது வெகுவாகக் குறையும்.

நிறைய இடுகிற பெட்டைக்கு ஏழு நாளில் ஆறு முட்டை சேரும். குறைவாக இடுகிறவளின் முட்டை பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருக்கும். பழைய முட்டை மோசமாகப் பொரிக்கும். அதைப் பார்த்துவிட்டு "நிறைய இடுகிற பெட்டைக்குப் பொரிப்பு மரபு நல்லது" என்பார்கள். குளிர்பெட்டி செய்த வேலைக்கு மரபுக்குப் பாராட்டு!

கணக்குப்பிள்ளை:

அதற்கு எல்லாப் பெட்டையிடமிருந்தும் கடைசி ஐந்து நாள் முட்டையை மட்டும் எடுங்கள். எண்ணிக்கை குறையும், ஒப்பீடு நேர்மையாகும்.

தேர்வுக்கு எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். ஒரு பெட்டை ஒரு வருஷத்தில் தரக்கூடிய குஞ்சு: முட்டை × அடைக்குத் தகுதியானவை × கருவுறுதல் × பொரிப்பு. முதல் பெட்டை: 260 × 0.90 × 0.92 × 0.88 = 189. இரண்டாவது: 230 × 0.93 × 0.95 × 0.92 = 187. முப்பது முட்டை வித்தியாசத்தை மற்ற மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய சமன் செய்துவிட்டன. ஆனால் முட்டை எண்ணிக்கையின் மரபுப் பங்கு கூடுதல், அளப்பதும் எளிது. என் தேர்வு: முட்டை எண்ணிக்கையையும் எடையையும் வைத்து ஏற்றுங்கள், கருவுறுதலுக்கும் பொரிப்புக்கும் ஒரு கீழ்க்கோடு போட்டு அதற்குக் கீழே போகிறவர்களை மட்டும் கழியுங்கள். 95-ஐ 96 ஆக்க ஆசைப்படாதீர்கள். பத்து முட்டையை வைத்து ஒருத்தியைக் கழிக்கவும் கூடாது: 90 விழுக்காட்டுக்குப் பத்து முட்டையில் வரும் பிழையே ஒன்பதரைப் புள்ளி. நாற்பதில் நாலே முக்கால்.

தெம்பனிஸ்_விடைக்கோழி:

பத்துக் கோழி வரம்பில் நாற்பது முட்டையைப் பொரித்தால் குஞ்சை எங்கே வைப்பது?

ஓட்டுக்குள்ளே:

பொரிக்கவே வேண்டாம். ஆம்லெட்டுக்கு உடைக்கும் முட்டையே கருவுறுதல் பதிவு. அன்றைக்கு இட்ட முட்டையை வெள்ளைத் தட்டில் ஊற்றி மஞ்சள் கருவின் மேல் பாருங்கள். கருவுற்றது நாலு மில்லிமீட்டர் பக்கம், வட்டமாக, நடுவில் தெளிந்து வளையம்போல இருக்கும். கருக்கூடாதது என் மொழியில் "சிதறிய சுண்ணாம்புப் பொட்டு". பார்த்துப் பழக இருபது முட்டை ஆகும். ஒரு பெட்டைக்கு முப்பது காலை உணவு, கணக்கு முடிந்தது. உண்மைப் பொரிப்பை வருஷத்துக்கு ஒரு முறை, தேர்ந்தெடுத்த மூன்று நான்கு பெட்டைக்கு மட்டும் பாருங்கள்.

எந்தப் பெட்டை விந்தை நீண்ட நாள் வைத்திருக்கிறாள் என்பதையும் இதே தட்டில் பார்க்கலாம். சேவலைப் பிரித்த நாளிலிருந்து எண்ணி, அடுத்தடுத்து இரண்டு முட்டை கருக்கூடாமல் வரும்வரை உடைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் சாதாரணம், மூன்று வாரம் போகிறவளும் உண்டு. இது பெட்டையின் சொந்தக் குணம், சேவலோடு கலக்காமல் கிடைக்கும் அளவு.

தெம்பனிஸ்_விடைக்கோழி:

நன்றி அண்ணே, அக்கா. என் திட்டம்: பெட்டைக்குப் பொறிக்கூடு (உள்ளே போனதும் கதவு மூடி, எந்தப் பெட்டை இட்டது என்று காட்டும் கூடு) வைத்து எண்ணிக்கையும் எடையும், தட்டில் முப்பது முட்டை கருவுறுதல், கீழ்க்கோடு 85, சேவலை இந்த மாதக் கடைசியில் மாற்றி, மறுநாளிலிருந்து புதுச் சேவலின் முட்டையாக எழுதத் தொடங்குவது.

பொரிப்பகத்தார்:

எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. மறுநாள் முட்டைக்குப் பழைய சேவல்தான் தகப்பனாக இருக்கலாம். அக்கா சொன்னாரே, விந்து மூன்று வாரம்வரை உள்ளே இருக்கும். பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் கழித்துப் புதுசை விடுங்கள். விட்ட நாளிலிருந்து ஐந்தாறு நாள் முட்டையைச் சமையலுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு வருவதற்குப் புதுச் சேவல் எண்ணைப் போடுங்கள். பொறிக்கூட்டை மணிக்கு ஒரு முறையாவது திறந்துவிடுங்கள். இந்த வெயிலில் மூடிய பெட்டிக்குள் ஒரு பகல் உட்கார்ந்தால் அந்தப் பெட்டை அந்த வாரம் இடமாட்டாள், உங்கள் எண்ணிக்கைக் கணக்கு அங்கேயே கெடும்.